சீமெந்துத் துரைக்கு ஒரு வாழ்த்து மடல்

பெருமதிப்புக்குரிய சீமெந்துத் துரை அவர்களே,

1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் உங்களுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகும் நெடுங்காலம் இலங்கையில் எங்கள் இரத்தினபுரி, கேகாலைத் தேயிலைத் தோட்டங்களில் பங்களாவும் கோயிலும் சுண்ணாம்புச் சாந்தில்தான் எழும்பின. பாவம், அந்தக் காலத்து மேசன்மாருக்கு உங்கள் அருமை தெரியவில்லை.

இப்போது பழைய சுவர் எங்கே வெடித்தாலும் மேசன் பாஸ் உங்களைத்தான் குழைக்கிறார். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சுண்ணாம்புப் பூச்சு குடித்த ஈரத்தை வெயில் கண்டதும் வெளியே விட்டுவிடும். நீங்கள் அப்படியா? வந்த விருந்தாளியைப் போகவே விடாத உபசாரம் உங்களுடையது. தங்கிய ஈரம் உப்பைக் கரைக்கும்; உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதன் முகத்தை மாவாய் உதிர்க்கும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் 'டொக் டொக்' என்று வெற்றோசை. ஒருநாள் பூச்சு பாளமாய்க் கழன்று விழும். அதன் முதுகில் செங்கல்லின் தோல் ஒட்டியிருக்கும். செங்கல் செத்தும் நீங்கள் சாகவில்லை. அதல்லவா வீரம்!

இது பொறுக்காத சிலர் ஆய்வுகூடத்தில் பழைய சாந்தை அமிலத்தில் கரைத்து, எஞ்சிய மணலைச் சலித்து, செங்கல்லைவிட மெலிந்த கலவையைத் தேடுகிறார்கள். சுண்ணாம்போடு செங்கல் தூள் சேர்க்கலாமாம்; தமிழ்நாட்டில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் வேறு. தேய்வதென்றால் கலவைதான் முதலில் தேய வேண்டுமாம். அதை மறுபடி பூசிக்கொள்ளலாமாம். மயிரிழை வெடிப்பை மழையில் கரைந்த சுண்ணாம்பே அடைத்துவிடுமாம். என்ன கோழைத்தனம்! மரபு முறையில் திருப்பணி செய்த திருவரங்கக் கோயிலுக்கு யுனெஸ்கோ 2017இல் விருது கொடுத்ததையும் நீங்கள் மன்னிக்க வேண்டும்.

சுண்ணாம்பு காற்றைக் குடித்து இறுக மாதக்கணக்காகும். நனைந்த சாக்குப் போட்டு அதைப் பிள்ளைத்தாய்ச்சியாய்க் காக்க வேண்டும். நீங்களோ 28 நாளில் பரீட்சை பாஸ். வருடம் முடியுமுன் பில் போட வேண்டியவர்களுக்கு உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

மண்ணில் புளிப்பு மிஞ்சினால் தேயிலைச் செடிக்கு லொறியில் டொலமைட் சுண்ணாம்புத் தூள் வரும். கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு கேட்டால் மட்டும், "அதெல்லாம் இப்ப எங்க கிடைக்குது?"

கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் கொத்தி எடுத்து மறுபடி பூசும் வேலை உங்களால் ஓயாமல் நடக்கிறது. அடுத்த முறை இன்னும் கெட்டியாகவே வாருங்கள், துரை. உள்ளே கொஞ்சம் செங்கல் மிச்சமிருக்கிறது.