டாக்டர் இன்னும் டாக்டர் ஆகலை, அக்கா

ஹில்ஸ்போரோ, ஓரிகன்
14 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புலனத்துல ரெண்டு வரி தட்டி விடாம தாள்ல ஏன் எழுதுறான்னு யோசிப்ப. புலனத்துல நான் ஒன்னு சொன்னா, அதை அஞ்சு குழுவுக்கு அனுப்பி முடிச்ச பிறகுதான் நீ படிக்கவே ஆரம்பிக்கிற. 'ரந்தாவ் மண்ணின் மைந்தர் அமெரிக்காவில் டாக்டரானார்'ன்னு போட்டு, உன் மருமகன் போட்டோவைச் சுத்தி மாலை வரைஞ்சு, எங்கெங்கயோ சுத்தி எனக்கே திரும்பி வந்துச்சு. மாலை போட்ட படத்துக்கு நம்ம ஊர்ல என்ன அர்த்தம்னு இங்க பொறந்த பையனுக்கும் தெரியும். பார்த்துட்டு ஒரு நாள் முழுக்க சோறு இறங்கலை அவனுக்கு.

அதனால கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமாப் படி. அவன் டாக்டர் ஆகலை. டாக்டருக்குப் படிச்சு முடிக்கலை. படிக்கவே இன்னும் ஆரம்பிக்கலை. டாக்டருக்குப் படிக்க இடம் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான். இடம் கிடைச்ச கையோட, இப்ப படிக்கிற காலேஜை அரை வருஷம் முன்னாடியே முடிச்சிட்டு வீட்டுக்கு வந்து படுத்திருக்கான்.

'அப்போ இந்த மூணரை வருஷமா என்னதான் படிச்சான்?'னு நீ கேக்கறது பசிபிக் கடலைத் தாண்டிக் காதுல விழுது. நம்ம மலேசியாவுல பள்ளியில எஸ்.பி.எம். முடிச்சா மெட்ரிகுலேஷனோ ஆறாம் படிவமோ அடிப்படைப் படிப்போ ஒன்னு படிச்சிட்டு நேரா மருத்துவம், அஞ்சே வருஷம். உன் பக்கத்து வீட்டுப் பொண்ணையே பாரு. இவன் வயசுதான். கெடாவுல ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துல இந்நேரம் மூணாவது வருஷம், கழுத்துல ஸ்டெதஸ்கோப்பைப் போட்டுக்கிட்டுப் படம் எடுத்துப் போடுது. இங்க அப்படிக் கிடையாது. முதல்ல ஏதாவது ஒரு பட்டம் வாங்கணும். ஏதாவதுன்னா நெசமாவே ஏதாவது. சங்கீதத்துல பட்டம் வாங்கிட்டு வந்து சேர்றவங்களும் இருக்காங்க, சொல்லி வச்ச நாலு அறிவியல் பாடத்தை முடிச்சிருந்தாப் போதும். அதுக்கப்புறம் மருத்துவம் நாலு வருஷம். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து பயிற்சி, கம்மியா மூணு வருஷம்; மூளை ஆபரேஷன் மாதிரி பெரிய வேலைன்னா ஏழு. கணக்குப் போட்டுப் பாரு. இவன் தனியா ஒரு ஆளைத் தொட்டு மருந்து எழுதும்போது முப்பது வயசு நெருங்கியிருக்கும். அதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பொண்ணு ஹவுஸ்மேன்ஷிப் ரெண்டு வருஷத்தையும் முடிச்சு, ஒப்பந்த வேலையில அலுத்து, ஒரு பிள்ளையையும் பெத்திருக்கும். அங்க மட்டும் சுகமான்னா அதுவும் இல்லை. 2016 கடைசியில இருந்து புது டாக்டருங்களை ஒப்பந்தத்துலதான் எடுக்கறாங்க. 2021 ஜூலை 26-ஆம் தேதி, கொரோனா உச்சத்துல இருந்தப்போ, அந்த ஒப்பந்த டாக்டருங்க கறுப்புச் சட்டையோட ஆஸ்பத்திரியை விட்டு வெளிய வந்து நின்னாங்களே, டிவியில பார்த்திருப்ப.

இந்த இடம் வாங்கினது தனிக் கதை. வருஷத்துக்கு அம்பதாயிரம் பேருக்கு மேல கேக்கறாங்க, பாதிப்பேருக்குக்கூட இடம் இல்லை. முதல்ல எம்கேட்னு ஒரு சோதனை, ஏறக்குறைய ஏழரை மணி நேரம். ஏழரைன்னதும் என் வீட்டுக்காரி நவக்கிரகத்துக்கு எள்ளு விளக்குப் போட பத்து மைல் காடி ஓட்டிப் போனா. அந்தச் சோதனையில ரொம்பக் கம்மியான மார்க்கு 472, ரொம்ப ஒசத்தி 528. அதாவது ஒன்னுமே தெரியாம உட்கார்ந்து எழுந்து வந்தாலும் 472 உண்டு. நான் அந்தக் காலத்துல கணக்குல வாங்கின 31-ஐ நினைச்சுக்கிட்டேன். எங்களுக்கு யாரும் ஆரம்பத்துலயே அடியில ஒன்னு போட்டு வைக்கலையே.

சோதனைக்கு அப்புறம் கட்டுரை. 'ஏன் டாக்டர் ஆகணும்?' இடைவெளியையும் சேர்த்து 5,300 எழுத்துக்குள்ள சொல்லணும். ரந்தாவுல எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் எட்டு எழுத்துல சொல்லிரும், 'அம்மா சொன்னாங்க'ன்னு. இங்க அது செல்லாது. உள்ளத்துல ஊறி வந்திருக்கணும். பையன் ஒரு மாசம் சுவரைப் பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் என்ன எழுதினான் தெரியுமா? போன தடவை வந்தப்போ, வாசல்ல உட்கார்ந்து மொச்சைக்கொட்டை உரிச்சுக்கிட்டே நீ சொன்னியே, நம்ம லின்சம் தோட்டத்துல மருந்து கொடுத்த டிரெஸர் கதை, அதை!

எனக்கும் அந்த ஆளை நல்லா ஞாபகம் இருக்கு. வெள்ளை கால்சட்டை, சட்டைப்பையில தெர்மாமீட்டர். காலையில பேர் கூப்பிடுற பெரட்டு முடிஞ்சதும் காய்ச்சல்காரங்க வரிசையா நிப்பாங்க. நாக்கை நீட்டச் சொல்வாரு, கண் இமையை இழுத்துப் பார்ப்பாரு, வேற ஒன்னும் கேக்கமாட்டாரு. அலமாரியில சிவப்புத் தண்ணி ஒரு பாட்டில், வெள்ளை மாத்திரை ஒரு டப்பா. வயித்துவலின்னா சிவப்பு, தலைவலின்னா வெள்ளை, ரெண்டும்னா ரெண்டும். மருந்தைவிடப் பெரிசு அவர் சீட்டுல எழுதுற ஒரு வரி: இன்னிக்கு இந்த ஆளுக்கு வேலை உண்டா, லீவா. அந்தச் சீட்டு கணக்கு எழுதுற கிராணிக்குப் போகும், அதை வச்சுத்தான் பேர் போடுவாங்க. அம்மா காய்ச்சலோட நின்னு, 'வேலைக்குப் போகலாம்'னு சீட்டு வாங்கிட்டு வந்து பால் வாளியைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குப் போன காலையைத்தானே நீ சொன்ன. அப்பவும் அவரை 'டாக்டரய்யா'ன்னுதானே கூப்பிட்டோம்.

நீ அவர் மாதிரியே இமையை இழுத்துக் காட்டி எங்களையெல்லாம் சிரிக்க வச்ச. இவன் எழுதினதுல அதே கதை கண்ணீர்க் காவியமாயிருச்சு. நேர்காணல் கணினித் திரையிலதான் நடந்துச்சு. மேல கோட்டும் டையும், கீழ அரைக்கால்சட்டையுமா உட்கார்ந்தான். ஒரு பெரிய பேராசிரியர் முதல் கேள்வியே, 'உங்க அத்தை சொன்ன அந்த ஆள் நோயாளிக்கு வேலை செஞ்சாரா, முதலாளிக்கு வேலை செஞ்சாரா?'ன்னு கேட்டாராம். அரை மணி நேரம் லின்சம் தோட்டத்தைப் பத்தியே பேச்சு! ஆக, அந்த இடத்துல பாதி உனக்குச் சேரும். மொச்சைக்கொட்டைக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்துரு.

அக்டோபர் 15-க்கு முன்னாடி மருத்துவக் கல்லூரிங்க பொதுவா இடம் தரக்கூடாதுன்னு இங்க ஒரு ஒழுங்கு. தேதி தாண்டினதும் கடிதம் வந்துச்சு. வந்த அன்னிக்கு ராத்திரியே பையன் என்கிட்ட வந்து, 'அப்பா, நான் டிசம்பரோட முடிச்சிக்கிறேன்'னான். எனக்குத் திக்குனு ஆச்சு. நம்ம வீட்டுல படிப்பைப் பாதியில முடிச்சிக்கிறேன்னு யாராச்சும் சொன்னா அதுக்கப்புறம் எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்போட நீயும் சீக்கிரமா முடிச்சவதானே. தம்பியைப் பார்த்துக்க ஆள் வேணும்னு ஒரு திங்கட்கிழமை புத்தகப்பையை ஆணியில மாட்டினாங்க. உனக்கு யாரும் கறுப்பு அங்கி தைக்கலை, தொப்பி வைக்கலை, கேக் வெட்டலை. அந்தத் தம்பி நான்தாங்கிறதால இதுக்கு மேல எழுத மாட்டேன். நீ படிச்சிட்டு, 'போடா, பெரிய இவன்'னு திட்டுவ.

இவன் கணக்கு வேற மாதிரி. பட்டத்துக்கு 120 புள்ளி வேணும். உயர்நிலைப்பள்ளியிலேயே சில சோதனை எழுதி, கொஞ்சம் புள்ளியைச் சேர்த்து வச்சிருந்தான். டிசம்பரோட 120 ஆயிருது. அப்புறம் எதுக்கு இன்னொரு செமஸ்டருக்குக் காசு கட்டணும்கிறான். காசுன்னதும் நான் வாயை மூடிக்கிட்டேன். புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு. 2026 ஜூலை 1-ல இருந்து புதுசாச் சேர்ற மருத்துவ மாணவனுக்கு அரசாங்கக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர்தான், மொத்தம் 2 லட்சத்துக்கு மேல கிடையாது. பல காலேஜுல நாலு வருஷச் செலவு அதைத் தாண்டிரும். (நாலால பெருக்கி வெள்ளியில பார்க்காதே அக்கா, உனக்கு ஏற்கனவே பிரஷர்.) ஆகஸ்டுல சேரப்போறவன் ஒரு செமஸ்டர் காசை மிச்சம் பிடிச்சா நல்லதுதானே.

ஆனா, காசை மிச்சம் பிடிக்கிற வழியில ஒரு குழியும் வெட்டி வச்சிருக்காங்க. படிப்பை விட்ட ஆறு மாசத்துல பழைய கல்விக்கடனைக் கட்ட ஆரம்பிக்கணும். டிசம்பர்ல முடிச்சா ஜூன்ல ஆறு மாசம் போயிரும். மருத்துவக் கல்லூரி திறக்கறது ஆகஸ்டுல. நடுவுல அவன் மாணவனும் இல்லை, சம்பாதிக்கிறவனும் இல்லை, கடன்காரன் மட்டும்தான். ஆஸ்பத்திரியில டாக்டர் பேசறதைப் பக்கத்துல நின்னு தட்டச்சு பண்ற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான். 'டாக்டராகப் போறவன் கிராணி வேலை பார்க்கறானா?'ன்னு நீ ஊர்ல சொல்லிராதே.

இன்னொரு கூத்து. எல்லாப் பாடமும் முடிச்சாச்சு, கலைப் பாடம் ஒன்னு மட்டும் பாக்கி, அது இல்லாமப் பட்டம் கிடையாதுன்னுட்டாங்க. மிச்சமிருந்தது மண்பாண்ட வகுப்பு ஒன்னுதான். உயிர்வேதியியல்ல முதல் வரிசையில நின்ன பிள்ளை, கடைசி மாசம் பூரா முழங்கை வரைக்கும் களிமண்ணோட நின்னான். பானை சக்கரத்துல நல்லாத்தான் எழும்புது, கையை எடுத்ததும் ஒரு பக்கமாச் சாயுது. 'தைக்கிற கை இப்படி நடுங்கினா எவன் உன்கிட்ட வயித்தைக் கொடுப்பான்?'னு என் வீட்டுக்காரி கேட்டா. அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டிருந்தவன் அன்னிக்குத்தான் பயந்தான். ஏன்னா கிடைச்ச இடம் நிபந்தனையோட வந்தது. எழுதிக் கொடுத்த பாடத்தையெல்லாம் முடிச்சு, பட்டம் வாங்கின கடைசி மார்க் சீட்டு போய்ச் சேரணும். பானை உடைஞ்சா டாக்டர் பதவியும் உடையும்!

நம்ம ரந்தாவ்காரங்களுக்கு இது விளங்கும். 2018-ல டாக்டர் ஸ்ரீராம் சட்டமன்றத்துக்கு நிக்கப் போனாரே, மயக்க மருந்து டாக்டர், எல்லாத் தகுதியும் இருந்துச்சு. பாஸ் இல்லைன்னு மனுத்தாக்கல் நடந்த இடத்துக் கேட்டுக்குள்ளயே விடலை. எதிர்த்து நின்ன முகமட் ஹசான் போட்டியே இல்லாம ஜெயிச்சாரு. அப்புறம் கோர்ட்டு அது செல்லாதுன்னு சொல்லி, 2019 ஏப்ரல் 13-ல இடைத்தேர்தல் வச்சு, மறுபடியும் முகமட் ஹசானே ஜெயிச்சாரு. அன்னிக்கு நீ, 'படிச்சவருக்கே கேட்டுல இந்த கதின்னா'ன்னு போன்ல புலம்பினியே. பையன் களிமண்ணோட நின்னப்போ எனக்கு அந்தக் கேட்டுதான் ஞாபகம் வந்துச்சு. நல்லவேளை, வாத்தியாரம்மா சாய்ஞ்ச பானைக்கும் மார்க்குப் போட்டுட்டாங்க. சாயறதுதான் கலையாம்.

சீக்கிரம் முடிச்சதுக்காக ஊர்ல ரொம்ப அலட்டிக்காதே. என் வீட்டுக்காரிக்கு அவ தங்கச்சி உடனே ஒரு செய்தியை அனுப்பிட்டா: வேலூர்ல பொறந்த பாலமுரளி அம்பாட்டின்னு ஒருத்தர், 13 வயசுல நியூயார்க் பல்கலைக்கழகத்துல பட்டம், 1995-ல 17 வயசுல டாக்டர், கின்னஸ் புத்தகத்துல பேர், பிற்பாடு கண் டாக்டர். பையன் அதைப் படிச்சிட்டு, 'எனக்கு 17 வயசுல கார் லைசன்ஸே ரெண்டாவது தடவைதான் கிடைச்சுது'ன்னு சொல்லிட்டுத் திரும்பித் தூங்கிட்டான். அங்கியும் தொப்பியும் போட்டு மேடை ஏறுறது மே மாசம்தான், மத்தப் பிள்ளைங்களோட. அப்ப போட்டோ அனுப்புறேன். மாலை வரையாதே.

இனி முக்கியமான விஷயம். சும்மா இருக்கிற நேரத்துல அத்தையைப் பார்க்கணும்னு ஜனவரி கடைசியில அங்க வரான். பிப்ரவரி 1 தைப்பூசம், அதுவரைக்குமாவது உன்கூட இருப்பான். நீ தாமான்ல எல்லார்கிட்டயும் ரத்தச் சோதனைத் தாளை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கியாம், கேள்விப்பட்டேன். தயவுசெஞ்சு வேண்டாம். அவனுக்கு இப்ப தெரிஞ்சது தவளையோட நரம்பும் சாய்ஞ்ச பானையும்தான். மாமாவுக்கு இனிப்பு நீர் ஏறியிருக்குன்னா, ஒரு வெள்ளியைக் கொடுத்து அரசாங்கக் கிளினிக்குல உண்மையான டாக்டரைப் பார்க்கச் சொல்லு. அந்த ஒரு வெள்ளிக்கு இங்க ஆஸ்பத்திரி வாசல்ல காடியைக்கூட நிறுத்த விடமாட்டாங்க. கோயில் தலைவர்கிட்ட பொன்னாடைக்குச் சொல்லியிருந்தா அதையும் நிறுத்து. பொண்ணு பார்க்கற பேச்சை எடுக்கவே எடுக்காதே. முப்பது வயசு வரைக்கும் கடன்தான் அவனுக்குச் சம்சாரம்.

காலையில ரொட்டி சானாய் வாங்கிக் கொடு, டிரெஸர் கதையை இன்னொரு தடவை சொல்லு. இந்த தடவை முழுசா எழுதி வச்சுக்கணுமாம்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைங்களுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: பானையைக் கையோட கொண்டு வரான், உனக்குன்னு. தண்ணி ஊத்திராதே, ஒழுகும். வெங்காயம் போட்டு வை.