முன்னாடி கெட்டி, பின்னாடி மாட்டி

ஏங்கண்ணு, மான் வேட்டைக்கு நம்பிக் கையில எடுக்கறாப்ல ஒரு நாட்டுத் துப்பாக்கி வேணும், எது நல்லதுன்னு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியறியாமா? ஊருல கேட்டா ஆரு சொல்லுவா? அப்புச்சியக் கேளு. நானு சந்தை சந்தையா மாட்டுத் தரகு பாத்தவன். மாடு வாங்கறவன் பல்லப் புடிச்சுப் பாக்கணும், சுழி பாக்கணும், நடக்க உட்டுப் பாக்கணும். துப்பாக்கிக்கும் அதே கணக்குத்தான். போன உள்ள வெச்சுப்போட்டு உக்காரு, ஒண்ணொண்ணா வாரேன்.

மொதல்ல குழலு. இந்தத் துப்பாக்கிக்கு மருந்து, நாரு, ரவை அத்தனையும் வாய் வழியாத்தான் உள்ள போவோணும். கம்பிய உட்டு இடிச்சுக் கெட்டிக்கணும். பின்னால ஒரு சின்ன மூக்கு இருக்கும், அதுமேல கேப்பு வெச்சு விசையத் தட்டினா நெருப்பு உள்ள எறங்கி, மருந்து பத்தி, ரவை முன்னால பறக்கும். குழலு நல்ல குழலா இருந்தா அப்படி. இல்லைன்னா பின்னால பறக்கும். பின்னால என்ன இருக்குது? உன்ற மூஞ்சி இருக்குது. பொண்ணு பாக்கப் போற வயசுல அது கொஞ்சம் தேவைப்படும் ராசா.

சீமையில பர்மிங்காம்ல 1813-லயே இதுக்குன்னு ஒரு சோதனைக்கூடம் கட்டிப்போட்டான். ஒவ்வொரு குழல்லயும் வழக்கத்துக்கு எச்சா மருந்து கெட்டி வெடிக்க வெப்பான். தாங்கினாத்தான் முத்திரை குத்துவான். இங்க தண்ணிக் குழாயப் பத்தவெச்சுத் திருட்டுத்தனமா விக்கறவன் எங்க சோதிப்பான்? உன்ற தோள்ல வெச்சுத்தான்! சேலத்து இரும்பு வேலை லேசுப்பட்டதில்ல கண்ணு. போன நூத்தாண்டுக்கு முந்தின நூத்தாண்டுல சேலம் அருணாசலம் அடிச்ச வேட்டைக் கத்தின்னா வெள்ளைக்காரத் துரைக தேடி வந்து வாங்கினாங்க. அந்தப் பட்டறை இருந்த ஊருல இன்னிக்குக் குழாயக் காட்டிக் குழலுங்கறான், நீயும் தலையாட்டறே.

ரெண்டாவது, உனக்கு ரைஃபிளுதான் வேணுங்கறே. பேரு நல்லாத்தான் இருக்குது. ரைஃபிளுன்னா குழலுக்குள்ள மரை வெட்டியிருக்கோணும். குண்டு சுத்திக்கிட்டே போனாத்தான் நேராப் போவும். நம்ம பக்கத்து நாட்டுத் துப்பாக்கிக்கு உள்ளயெல்லாம் வழுவழுன்னு இருக்கும், கொஞ்ச தூரம் தாண்டினா ரவை எங்க போவுதுன்னு ரவைக்கே தெரியாது. சரி, மரை வெட்டினதே கெடைச்சுதுன்னு வெச்சுக்க. குண்டு இறுக்கமா இருக்கோணுமல்ல? அத வாய் வழியா இடிச்சு எறக்கறதுக்குள்ள தாவு தீந்துபோவும். இதுக்கு மினியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரன் 1849 வாக்குல வழி கண்டுபுடிச்சான். அடி குழிவா ஒரு குண்டு. லேசா உள்ள எறங்கும், வெடிக்கறப்ப விரிஞ்சு மரையக் கவ்விக்கும். அந்த வித்தைய எடுத்து வெள்ளைக்காரன் செஞ்சதுதான் 1853 என்ஃபீல்டு. அதுக்கு வந்த தோட்டாவுல தடவுனது மாட்டுக் கொழுப்பா, பன்னிக் கொழுப்பான்னு சிப்பாய்க மத்தியில கெளம்புன பேச்சு 1857-ல எங்க போயி முடிஞ்சுதுன்னு நீ பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. பின்னால ஒரு வருசத்துல கம்பெனி ஆட்சிக்கே மூட்டை கட்டிப்போட்டாங்க. கம்பெனியவே கவுத்த சாதி அது. நீ என்னடான்னா அத வெச்சு ஒரு மான மட்டும் கவுக்கலாங்கறே!

மூணாவது, வேகம். வருசக்கணக்கா கவாத்துப் பழகின சிப்பாயே அந்தக் காலத்துல நிமிசத்துக்கு மூணு தடவதான் கெட்டிச் சுடுவான். நீ சட்டைப் பையில கேப்பத் தேடி, மருந்தக் கொட்டி, கம்பியக் கீழ போட்டு, குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள மானு கொல்லிமலை ஏறிக் காரவள்ளிய எட்டிப் பாக்கும். ஐப்பசி மழையில மருந்து நமுத்துப் போச்சுன்னா இன்னும் விசேசம். கேப்பு மட்டும் 'டப்'புங்கும், மானு திரும்பி ஒருக்காப் பாத்துப்போட்டு மேயும். அது இருக்கட்டும், புள்ளிமானுக்குக் காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதோ அந்தப் பக்கம் நிக்கறவன் ஆருன்னு மூக்கே சொல்லிப்போடும். நீ தலையில தடவுற அந்தக் களிம்பு வாசத்துக்கு நம்ம எருமையே தும்முது. மானு சும்மா இருக்குமா?

அமெரிக்காவுல மட்டும் சுடறானேன்னு வீடியோவக் காட்டுவே. காட்டு, காட்டு. பென்சில்வேனியாவுல 1974-ல இருந்து சக்கிமுக்கித் துப்பாக்கிக்குன்னே தனியா மான் பருவம் வெச்சிருக்கான், நெசந்தான். ஆனா அவன் காசு கட்டி உரிமம் எடுத்து, சுட்ட மானு ஒடம்புல சீட்டுக் கட்டிக் கணக்குக் காட்டறான். அங்க மானு மண்டிக்கெடக்குது, கணக்கு வெச்சுக் கொறைக்கறான். இங்க உன்ற கணக்குல ஒரு மானு, ஒரு போட்டோ, அப்பறம் ஒரு எஃப்.ஐ.ஆரு.

நாலாவது பல்லுத்தான் முக்கியமான பல்லு. காயிதம். வெள்ளைக்காரன் 1801-ல பாளையக்காரங்கள அடக்கினதும் எட்வர்டு கிளைவுங்கற கவர்னரு செஞ்ச மொத வேலை ஆயுதத்தயெல்லாம் புடுங்கோணும்னு பிரகடனம் போட்டதுதான். அப்பவும் அடங்காத தீரன் சின்னமலைய 1805-ல நம்ம சங்ககிரிக் கோட்டையில தூக்குல போட்டாங்க. பொறவு 1878-ல லிட்டன் பிரபு ஒரு சட்டம் கொண்டாந்தான். இந்தியன் துப்பாக்கி வெக்கோணும்னா லைசன்சு வேணும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம்னு. வெள்ளைக்காரன் போனான், லைசன்சு போவல. இப்ப இருக்கறது 1959 ஆயுதச் சட்டம்.

அட, இதுல உனக்கு ஒரு சந்தோசச் செய்தி சொல்லட்டுமா? அந்தச் சட்டத்துல 13-ம் பிரிவுல முன்னாடி கெட்டற துப்பாக்கின்னு பேரு சொல்லியே எழுதியிருக்குது. நெசமாலுமே பயிரக் காக்கறதுக்குன்னா அதுக்கு லைசன்சு குடுக்கலாமுன்னு. மூஞ்சி மலருதே! இரு இரு, மீதியவும் கேளு. கலெக்டருக்கு மனுப் போடோணும். போலீசு ஊட்டுக்கு வந்து விசாரிக்கும், நீ ஏரிக்கரையில குடிச்சுப்போட்டு சண்டைக்குப் போனது உட்பட. 2016 விதிப்படி பத்திரமாக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று வேணும். எலக்சன் தேதி அறிவிச்சா ஸ்டேசன்ல கொண்டுபோயி ஒப்படைக்கச் சொல்லுவாங்க. நம்ம நாட்டுல எப்ப எலக்சன் இல்ல? அது உங்கூட்டுல இருக்கறதவிட ஸ்டேசன்லதான் எச்சா இருக்கும். இத்தனையும் செஞ்சு வாங்கினாலும் அது பயிருக்குத்தான். மானுக்கு இல்ல.

லைசன்சு இல்லாம வெச்சிருந்தா? 2019-ல சட்டத்தத் திருத்தினதுக்குப் பொறவு சும்மா வெச்சிருக்கறதுக்கே ரெண்டுல இருந்து அஞ்சு வருசம். செஞ்சு வித்தவனுக்கு ஏழு வருசத்துல ஆரம்பிச்சு ஆயுசு மட்டும். கொல்லிமலையிலயும் கல்வராயன் மலையிலயும் தாத்தன் காலத்துத் துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைங்க, கேசு இல்லைன்னு போலீசு சொன்னப்ப, சனங்க கொண்டாந்து போட்டுப்போட்டு நிம்மதியாத் தூங்குனாங்க. அவங்க தலைமுழுகினத நீ தேடிக்கிட்டுப் போறே.

இனி மானுக்கு வா. 1972-ல வனவிலங்குச் சட்டம் வந்துது. அப்பவாச்சும் சிலதுக்கு வேட்டை லைசன்சுன்னு ஒண்ணு இருந்துது. 1991-ல திருத்தி அதையும் எடுத்துப்போட்டாங்க. அதனால துப்பாக்கிக்குக் காயிதம் இருந்தாலும் மானுக்குக் காயிதம் இல்ல. சல்மான் கான் கதை தெரியுமல்ல? 1998-ல சோத்பூருப் பக்கம் வெளிமான அடிச்சார்னு கேசு. இருவது வருசம் கோர்ட்டுக்கு நடந்தாரு. 2018-ல கீழ்க்கோர்ட்டு அஞ்சு வருசம்னு சொல்லி, ரெண்டு ராவு செயில்ல படுத்துப்போட்டு சாமீன்ல வந்தாரு. அப்பீலுக்கும் போயிருக்காரு. அவருக்கு வக்கீல் வெக்க ஒரு படம் நடிச்சாப் போதும். உனக்கு எத்தன ஏக்கரா விக்கோணும்? உங்கப்பனுக்கு இருக்கறதே மூணு.

இன்னொண்ணு. அந்த வனவிலங்குச் சட்டத்துல 39-ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்குது. குத்தத்துக்குப் போன வண்டியப் புடிச்சா அது அரசாங்கச் சொத்து. கடன் வாங்கி வாங்கின அந்தப் புல்லட்டு இருக்குதே, பொழுதோட தொடைச்சுத் தொடைச்சு வெக்கறியே, அது ராசிபுரம் பக்கம் ஏதாச்சும் ஆபீசு வேப்ப மரத்தடியில துரு புடிச்சு நிக்கும். தவணை மட்டும் நீ கட்டிக்கிட்டிருப்பே.

சட்டத்த உடு. புராணத்துக்கு வா. ராமன் மான் பின்னால போனான், பொண்டாட்டியத் தொலைச்சான். பாண்டு மான அடிச்சான், சாபத்த வாங்கிக்கிட்டுக் காட்டுக்குப் போனான். தசரதன் தண்ணி மொள்ளற சத்தத்த மிருகம்னு நெனைச்சு அம்பு உட்டு, ஒரு குருட்டுத் தாய் தகப்பன் பெத்த புள்ளையக் கொன்னான். மூணு பேரும் ராசா. லைசன்சு தொந்தரவே இல்லாதவங்க. அவங்களுக்கே இந்தக் கதி! இருட்டுல சலசலப்புக் கேட்டுச் சுட்டு, கூட வந்தவனையே கொன்ன கதை இன்னமும் பேப்பர்ல வருது. உன்ற கூட வர்றவன் ஆரு? மாமன் மவன். அவனச் சுட்டுப்போட்டா எங்கூட்டுக்கு ஒறம்பரை ஆரு வருவா?

கறிதான் ஆசையா? அதச் சொல்றதுக்கென்ன வெக்கம்? நம்ம சில்லாவுல மேச்சேரி ஆடு இருக்குது. அதுக்குன்னே பொட்டனேரியில ஆராய்ச்சி நிலையம் வெச்சிருக்குது கவுருமென்டு. நாமக்கல்லுல கோழிக்கும் முட்டைக்கும் பஞ்சமா? மீசை முறுக்கி ஒரு போட்டோ வேணும்னா அதையும் சொல்லு, குரும்பப்பட்டிப் பூங்காவுல புள்ளிமான் இருக்குது. டிக்கெட்டு எடுத்துப் பக்கத்துல நின்னுக்க, ஆரு வேண்டாங்கறா?

இல்ல அப்புச்சி, ராவுல காட்டுல உக்காந்து, கண்ணு முழிச்சு, மிருகம் வருதான்னு பாக்கற அந்தச் சொகந்தான் வேணுங்கறியா? அப்படி வா வழிக்கு. அதுக்குத்தான் இத்தன நேரம் பேசினது.

கரட்டோரம் நம்ம குச்சிக்கிழங்கு நிக்குதல்ல, பன்னி வந்து கொம்பால கெளறுனாப்ல கெளறிப்போடுது. சேகோ ஆலைக்குப் போவறதுக்கு முந்தியே பாதிக் கெழங்கு அது வயித்துக்குப் போயிருது. 2025 சனவரியில கவுருமென்டு ஒரு வழி சொல்லுச்சு. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள வந்தா பன்னியத் தொடக்கூடாது. ஒண்ணுல இருந்து மூணுக்குள்ளன்னா புடிச்சுக் கொண்டுபோயிக் காட்டுல உடலாம். மூணுக்கு அக்கட்டால வந்தா சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுக. நம்ம தோட்டத்துக்கும் காப்புக்காட்டுக்கும் கல்லு வீசற தூரந்தான். பன்னி அளவு நாடா வெச்சுக்கிட்டா வருது? ஆக நமக்கு இருக்கறது பரணும் முழிச்ச கண்ணுந்தான்.

பரண் போட்டாச்சு. தகர டின்னு ஒண்ணு, தட்டறதுக்கு ஒரு கட்டை, டார்ச்சு லைட்டு, கம்பளி. நமுத்துப் போவாது, பின்னால வெடிக்காது, நிமிசத்துக்கு மூணென்ன, முன்னூறு தடவ தட்டலாம். கலெக்டருக்கு மனு வேண்டாம், எலக்சனுக்கு ஒப்படைக்க வேண்டாம். மானு வந்தாலும் பாரு, ரசி, டின்னத் தட்டித் தொரத்து. கெழங்கு வெட்டற வரைக்கும் பரண் உன்னுதுதான். இன்னிக்கு ராவுல இருந்தே போயிரு.

என்னது, கூலியா? வேட்டைக்குப் போறவன் எவனாச்சும் கூலி கேப்பானாடா?