சொகுசு மோட்டார்ஹோம்களில் நீளமும் உறுதியும்: கைப்பிடி ஒன்றை முன்வைத்து

இத்தலைப்பில் தமிழில் இதுவரை யாரும் ஆராயவில்லை. ஆராய அவசியம் இருக்கவில்லை என்பது வேறு விஷயம். அவசியம் பார்த்தா நம்மூரில் ஆய்வுத் தலைப்புக் கொடுக்கிறார்கள்? மகனைப் பார்க்க அமெரிக்கா போன ஆறு மாதத்தில், காலை நடை, பேரன் காவல், பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டு அடுக்குதல் ஆகிய பணிகள் போக மீந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையே இவ்வாய்வின் களம். மோட்டார்ஹோம் விற்கும் மைதானம் ஒன்றுக்கு என்னையும் என் மனைவியையும் மகன் அழைத்துப் போனான். வாங்க அல்ல. உள்ளே ஏ.சி. உண்டு, பார்க்கக் காசு கிடையாது.

1. பெயர்

இன்ஜினும் ஸ்டீயரிங்கும் தன்னிடமே வைத்திருக்கும் வீடு மோட்டார்ஹோம். இன்னொரு வண்டி இழுத்தால்தான் நகரும் என்றால் அது டிரெய்லர், ஆய்வெல்லைக்கு வெளியே.

கோடம்பாக்கத்துக் கேரவன்: நடிகர் உள்ளே இருந்ததால் அளக்க முடியவில்லை.

2. வகை

அமெரிக்கர்கள் இதை ஏ, பி, சி என மூன்றாக வகுத்திருக்கிறார்கள். ஏ பெரியது. அடுத்தது பி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பி-தான் இருப்பதிலேயே சிறியது. சி நடுவில். தலை, கடை, இடை என்று சங்கம் வைத்த மாதிரி.

இம்முரண் குறித்து மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. முதல் இரண்டும் என்னுடையவை. ஏட்டைப் பெயர்த்தெழுதியவன் தூக்கக் கலக்கத்தில் பி-யையும் சி-யையும் மாற்றிவிட்டான் என்பது ஒன்று (என் நோட்டு, ப. 3). நமக்குப் புரியாத இடத்திலெல்லாம் அவன் தலையில் பழியைப் போடுவது பதிப்புலக வழக்கம். பாவம், அவன் வந்து மறுக்கப் போவதில்லை. சி என்பது இடைச்செருகல் என்பது இரண்டாவது (மேற்படி நோட்டு, ப. 4, காப்பிக் கறைக்குக் கீழே). இதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆகவே மறுக்கவும் முடியாது.

மூன்றாவது கொள்கையை என் மகன் இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டான். வண்டிக் கம்பெனியிலிருந்து எது வருகிறது என்பதுதான் கணக்காம். வெறும் சேஸிஸும் இன்ஜினும் வந்து, மீதி முழுவதையும் வீட்டுக் கம்பெனி கட்டினால் ஏ. முழு வேனே வந்து, அதன் வயிற்றுக்குள் அடுப்பும் கட்டிலும் வைத்தால் பி. டிரைவர் கேபின் வரைக்கும் வண்டியாக வந்து, பின்னால் வீட்டைக் கட்டி, கேபின் தலைக்கு மேல் ஒரு படுக்கையையும் நீட்டினால் சி. இவ்வளவு தெளிவாக இருப்பதால் ஆய்வுலகம் இதை ஏற்காது (மேற்படி நோட்டு, ப. 4, காப்பிக் கறைக்கு வடகிழக்கே, பேரன் வரைந்த யானையின் தும்பிக்கையை ஒட்டி, யானையின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு).

3. அளவு

ஏ வகையின் உச்ச நீளம் 45 அடி. அகலம் 102 அங்குலம், அதாவது எட்டரை அடி. பெருக்கினால் 382½ சதுர அடி வருகிறது. சென்னையில் இந்தக் கணக்கைச் சொன்னால் கல்யாணமான பையன் வாடகைக்குக்கூட யோசிப்பான். அங்கே அதற்குள் இரண்டு குளியலறை வைத்து அரண்மனை என்கிறார்கள். கலிபோர்னியாவில் 40 அடியைத் தாண்டிய மோட்டார்ஹோமை ஓட்டச் சாதாரண லைசென்ஸ் போதாது. வணிகமல்லாத பி வகை லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஏ வண்டிக்கு பி லைசென்ஸ். இதற்கும் ஏடெழுதியவனே பொறுப்பு.

சாலையில் அகலம் கூட்ட முடியாதென்பதால் நிறுத்திய பிறகு கூட்டுகிறார்கள். பொத்தானை அமுக்கினால் பக்கச்சுவர் சோபாவையும் சுமந்துகொண்டு வெளியே நகர்கிறது. ஸ்லைடு-அவுட் என்று பெயர். ஆய்வேட்டின் பின்னிணைப்பும் இதே தத்துவம்தான்: தேர்வாளர் வருகிற அன்று வெளியே தள்ளுவது, மற்ற நாளில் உள்ளே கிடப்பது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும் இடங்களில் அந்த நகரும் சுவரின் விளிம்பும் ஒன்று.

காட்டையும் மலையையும் பார்க்கத்தான் இந்த வீடு. யூட்டா மாநிலத்து ஸயான் தேசியப் பூங்காவில் 1930-இல் திறந்த மலைச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துக் காருக்குத் தோண்டியது. 11 அடி 4 அங்குல உயரத்தை எட்டிய வண்டி வந்தால், எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி, நடுச்சாலையில் தனியாகத்தான் விட்டு வந்தார்கள். முகாம் இடங்கள் பலவற்றில் 45 அடி நுழையவே நுழையாது. அதனால் உரிமையாளர் வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டிக் காரைக் கட்டி இழுத்துவருகிறார். வீட்டைக் காட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, காரில் ஏறிக் காட்டுக்குள் போகிறார். அந்தக் காருக்கு டோட் என்று பெயர். இழுபடுவதற்கும் தேரைக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. தேருக்குப் பின்னால் தேரை என்று தமிழில் சொன்னால் சிலேடை இன்னும் கச்சிதமாக உட்காருகிறது. ஆகவே மோட்டார்ஹோம் தமிழன் கண்டதே என நிறுவ எனக்கு நாற்பது பக்கம் வேண்டும். பத்திரிகை ஆசிரியர் தர மறுத்துவிட்டார் (மேற்படி நோட்டு, ப. 5, தலைகீழாகப் பிடித்துப் படிக்க).

4. உறுதி

பல மோட்டார்ஹோம்களின் சுவர் என்பது வெளியே ஃபைபர் கிளாஸ் தகடு, அடுத்து மெல்லிய பிளைவுட், நடுவில் நுரைப் பலகை, எல்லாவற்றையும் பசை போட்டு அழுத்திய அடை. கூரை விளிம்பிலோ ஜன்னல் ஓரத்திலோ சீலன்ட் விட்டுப்போய்த் தண்ணீர் இறங்கினால் பிளைவுட் ஊறும், பசை விடும், தகடு பூரி மாதிரி உப்பும். உள்ளே மர வேலையில் ஸ்டேப்ளர் பின்னுக்குக் கணிசமான பங்கு. முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைலுக்கு நான் அடித்த அதே குலம், உடம்புதான் கொஞ்சம் பெரிது. என் ஃபைல் எதுவும் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதில்லை.

களப்பணி செய்தவள் என் மனைவி. அவள் அளவுநாடாவைத் தொடவில்லை. சந்தையில் பானை வாங்குகிற மாதிரி விரலை மடக்கிச் சுவரில் தட்டினாள். காதை ஒட்டவைத்து இன்னொரு தட்டு.

“ஏங்க, விரிசல் விட்ட பானைச் சத்தம்ல கேக்குது?”

மகன் அதை ஆங்கிலத்தில் நயமாகக் கேட்டான். விற்பனையாளர் சிரித்த முகத்தோடு படுக்கையறை டி.வி. எத்தனை அங்குலம் என்று சொன்னார். நீளம் கேட்டாலும் அங்குலத்தில் பதில், உறுதி கேட்டாலும் அங்குலத்தில் பதில் என்கிற என் மையக் கருத்து அங்கேதான் பிறந்தது. அவள் பெயரைக் கட்டுரையில் போடவில்லை. களப்பணி செய்தவர் பெயரை விட்டுவிடுவது நெறியாளர்களின் நெறி.

இவ்வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் செய்யப்படுகிறது. அத்தொழிற்சாலைகளில் ஆமிஷ் சமூகத்தார் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வது அவர்கள் சமயக் கட்டுப்பாட்டின்படி கூடாது; வீட்டில் குதிரை வண்டி. பகலெல்லாம் ஓடும் அரண்மனை கட்டிவிட்டு அந்த வாழ்க்கைக்குத் திரும்புகிறவர்களின் தச்சுவேலைக்கு நல்ல பெயர். ஸ்டேப்ளர் போதும் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்ல.

உறுதியானவை இல்லாமல் இல்லை. கனடாவின் கியூபெக்கில் பிரெவோ பஸ் கூடு துருப்பிடிக்காத எஃகுச் சட்டத்தில் தயாராகிறது. அதை வாங்கி உள்ளே வீடு கட்டித் தருவதற்கென்று தனிக் கம்பெனிகள் இருக்கின்றன. முடிந்த விலை 20 லட்சம் டாலரைத் தாண்டும். 1924-இல் பிரெவோ கம்பெனியைத் தொடங்கிய யூஜின் பிரெவோ, தேவாலய பெஞ்சு செய்துகொண்டிருந்த தச்சர். பக்தர்கள் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்காரும் பெஞ்சு. கால் ஆடினால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

ஒழுகக் கூடாது என்று அரசாங்கமே நிபந்தனை போட்ட வீடும் ஒன்று உண்டு. 1969-இல் நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும், கிருமி கொண்டுவந்திருப்பார்களோ என்று பயந்து, கப்பலிலேயே ஓர் அறையில் அடைத்தார்கள். அது 35 அடி ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர். சக்கரத்தைக் கழற்றி, உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாமல் மாற்றியது. டிரெய்லரைத்தான் முதல் பகுதியிலேயே விலக்கிவிட்டீர்களே என்று கேட்கக் கூடாது. வேண்டாதபோது விலக்குவதும் வேண்டும்போது சேர்ப்பதும் சேர்ந்ததுதான் ஆய்வெல்லை.

5. கைப்பிடி

கடைசியாக, விலைச்சீட்டில் மூன்று லட்சத்துச் சொச்சம் டாலர் போட்டிருந்த வண்டியின் சமையலறை டிராயரை இழுத்தேன். டிராயர் வரவில்லை; கைப்பிடி வந்தது. கூடவே இரண்டு ஸ்க்ரூ, மரையில் கொஞ்சம் மரத்தூள். சுற்றிலும் பார்த்தேன். வாசற்படி விளக்கு நிறம் மாறுவதை விற்பனையாளர் என் மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஊருக்கு வந்து இதை எழுதும்போது, ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் அதுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. வெள்ளி நிறம், நாலேகால் அங்குலம், நல்ல கனம். உரியவர்கள் டிராயரைக் கொண்டுவந்து காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.