மொட்டை டயர்

டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நாமக்கல்லில் ஒருவர் சொன்னால் அவர் வெளியூர்க்காரர். பாடி கட்டும் பட்டறை, கேஸ் டேங்கர், ரீட்ரேடிங் கம்பெனி என்று ஊர்ப் பிழைப்பே டயரின் மேல்தான் உருள்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கம் போனால் போர் போடுகிற ரிக் வண்டி, சங்ககிரிப் பக்கம் போனால் மறுபடியும் லாரி. டீக்கடையில் பேச்சு மழையில் ஆரம்பித்தாலும் சரி, முட்டை விலையில் ஆரம்பித்தாலும் சரி, டம்ளர் காலியாவதற்குள் டயருக்கு வந்துவிடும். இந்த ஊரில்தான் அப்கிரேடு அண்ணன் தன் ரோடு பைக்குக்கு நல்ல டயர் தேடிக்கொண்டிருக்கிறார்.

பெயர் சைக்கிள் குரூப்பில் வைத்தது. இவரைப் போல ராசிபுரத்தில் ஒருவர் இருக்கிறார், சேலம் அஸ்தம்பட்டியில் ரெண்டு மூன்று பேர் தேறுவார்கள். எல்லாம் ஒரே அச்சு. வயது 35க்கும் 50க்கும் நடுவில். தொழில் பல் மருத்துவமாகவோ, பைனான்ஸாகவோ, கோழிப்பண்ணையாகவோ இருக்கும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன வாரத்தில் சைக்கிள் வாங்கியவர். கொஞ்ச நாள் வெறுமனே ஓட்டினார். காலையில் மோகனூர் வரை போய்க் காவிரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு யாரோ ஒரு பாவி, "டயரை மட்டும் மாத்திப் பாருங்க, வண்டி பறக்கும்" என்று சொல்லிவிட்டான்.

அண்ணனுக்கு இப்போது வணக்கம் சொல்கிற வழக்கம் விட்டுப்போயிற்று. நீங்கள் சைக்கிளோடு எதிரில் வந்தால், உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மேல் பாருக்கு அடியில் ரெண்டு விரலைக் கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்ப்பார். "பத்தரை இருக்குமுங்க" என்பார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். உலகப் பந்தயங்களை நடத்துகிற யூசிஐ அமைப்பு, 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை 2000ஆம் ஆண்டு முதல் பந்தயத்தில் விடுவதில்லை. எடையைக் குறைத்துக்கொண்டே போகிற வேகத்தில் இந்த விதியைத் தெரியாமல் மீறிவிடுவோமோ என்பது அண்ணனின் கவலை. அவர் வண்டி இன்றைய தேதிக்கு எட்டே முக்கால் கிலோ. இதுவரை எந்தப் பந்தயத்துக்கும் அவர் பெயர் கொடுத்ததும் இல்லை.

எடையை அவர் அளப்பது முட்டையில். சமையலறைத் தராசில் முதலில் ஒரு முட்டையை வைத்துப் பார்த்தார். 55 கிராம் காட்டியது. அன்றிலிருந்து அதுவே அலகு. கறுப்பு ரப்பர் டியூபைக் கழற்றிவிட்டு, கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும் டிபியு டியூபைப் போட்டால் ஒரு சக்கரத்துக்கு ஒரு முட்டைக்கு மேல் மிச்சம். பழைய அலுமினிய வீல் செட் ரெண்டு கிலோ, கார்பன் வீல் செட் ஒன்றரைக் கிலோ: ஒன்பது முட்டை. பாட்டில் மாட்டுகிற கூண்டைக்கூடக் கார்பனில் வாங்கினார், அரை முட்டை. அந்தக் கூண்டில் முக்கால் லிட்டர் தண்ணீரை நிரப்பிச் சொருகிக்கொண்டு கிளம்புவார். கேட்டால், "தண்ணி குடிக்கக் குடிக்கக் கொறையுமுங்க, கூண்டு கொறையாதில்லீங்க" என்பார். பதில் சொல்ல வராது.

டயர் பார்சல் வந்த நாள் ஒரு நல்ல நாள் அல்ல. அண்ணனின் அப்பா ரெண்டு லாரி வைத்து ஓட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இப்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பவர். பார்சலைப் பிரித்ததும் பெரியவர் டயரைக் கையில் வாங்கினார். விரலை வைத்துச் சுற்றிலும் தடவினார். ஒரு கோடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை.

"ஏங்கண்ணு, இது மொட்டை டயரு."

"அது அப்படித்தானுங்கப்பா இருக்கும்."

"பட்டன் தேஞ்ச டயரைத் தள்ளிவுட்டு நாம காசு வாங்குவோம். நீ காசு குடுத்து வாங்கியாந்திருக்கற?"

இதில் அண்ணன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. லாரி டயரும் கார் டயரும் அகலமானவை. மழையில் அடியில் சிக்குகிற தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் வேண்டும். இல்லாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதந்து வழுக்கிவிடும். ரோடு பைக் டயர் தரையைத் தொடுகிற இடமோ ஒரு கட்டைவிரல் அளவு, உள்ளே காற்றின் அழுத்தமும் அதிகம். அது தண்ணீரில் மிதக்க வேண்டுமானால் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிப் போக வேண்டும். தார் ரோட்டில் ஓடுகிற சைக்கிளுக்குப் பட்டன், பள்ளமெல்லாம் அழகுக்கு. இதையெல்லாம் அண்ணன் பெரியவரிடம் படம் போட்டு விளக்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காத்து எவ்வளவு?" என்றார்.

அங்கேதான் அடுத்த வம்பு. முன்பெல்லாம் 23 மில்லிமீட்டர் டயரில் 110, 120 பிஎஸ்ஐ வரை அடித்தார்கள். லாரி டயருக்கு அடிக்கிற காற்று அது. பெரியவருக்குப் பழகின எண். கல் மாதிரி இருந்தால்தான் வேகம் என்று உலகமே நம்பியது. பிறகு சோதித்துப் பார்த்ததில், சொரசொரப்பான ரோட்டில் கல் டயர் துள்ளுகிறது, துள்ளுகிற ஒவ்வொரு முறையும் ஓட்டுகிறவர் உடம்பைக் குலுக்கி அவர் மிதித்த சக்தியைத் தின்கிறது என்று தெரிந்தது. பந்தயக்காரர்கள் 23ஐ விட்டு 25க்கும், பிறகு 28க்கும் வந்தார்கள், காற்றையும் குறைத்தார்கள். அண்ணன் இப்போது அடிப்பது 72. சைக்கிள் அப்கிரேடுகளில் கொடுத்த காசுக்குப் பலன் கையோடு தெரிவது டயர் ஒன்றில்தான் என்பது என் கட்சியும்கூட. ஆனால் பெரியவர் ஆயுளில் காற்று குறைந்த டயர் என்றால் சூடேறி வெடிக்கிற டயர். "நெம்பக் கம்மிடா" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

காற்று அடைத்த சைக்கிள் டயரே ஒரு அப்பன் மகனுக்குச் செய்துகொடுத்த அப்கிரேடுதான் என்பதைப் பெரியவரிடம் சொல்லிப் பார்க்கலாமென்று அண்ணனுக்கு யோசனை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்கிற மாட்டு டாக்டர், மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் கடகடவென்று குலுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சுற்றிக்கொடுத்தார். கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்க்காரர் என்பதால் அண்ணனுக்கு இந்தக் கதையில் தனிப் பெருமை. பெரியவர் என்ன பதில் சொல்வார் என்று தெரிந்திருப்பதால் இன்றுவரை சொல்லவில்லை.

சரி, டயர் வந்துவிட்டது. மாட்டினால் உள்ளே போகவில்லை. பழைய வண்டியின் பிரேக் வளைவில் 25தான் நுழையும், 28 உரசுகிறது. எலி கடிக்காமல் கோவணத்தைக் காப்பாற்றப் பூனை வளர்த்த சாமியார், பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் செய்துகொண்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் டயருக்காக ஃபிரேமை மாற்றினார். புது ஃபிரேமில் டிஸ்க் பிரேக், ஆகவே பழைய வீல் செட் சேராது. புது வீல் வாங்குவதே வாங்குகிறோம், கார்பனாக இருந்துவிட்டுப் போகட்டும். கார்பன் வீல் போட்ட வண்டியில் போய் யாராவது சாதாரண கியர் செட் வைப்பார்களா? பழைய வண்டி இப்போது குரூப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம் இருக்கிறது. வண்டியோடு, மேலே செய்ய வேண்டிய அப்கிரேடுகள் பட்டியலும் இலவசமாகப் போயிருக்கிறது.

டிஸ்க் பிரேக்குக்கு அவர் சொல்கிற காரணமும் பொய்யில்லை. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது காலுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு. கார்பன் ரிம்மையே கட்டை பிடிக்கிற பழைய வகை பிரேக்கில் வளைவுக்கு வளைவு அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி, மேல்பூச்சு உப்பிப் பிளந்துகொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் டிஸ்க். அண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை கொல்லிமலை போவார். மற்ற நாளெல்லாம் அந்த டிஸ்க் பிரேக் சேந்தமங்கலம் டீக்கடை வாசலில் நிற்பதற்குப் பயன்படுகிறது.

ரிம்மின் ஆழம் 50 மில்லிமீட்டர். நேர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்பது கணக்கு. நேர்க்காற்று என்றைக்காவதுதான் நேராக வருகிறது. ஆடி மாசம் நாலுவழிச் சாலையில் பக்கவாட்டில் அடிக்கிற காற்று ரிம்மைப் பாய்மரமாக்கிவிடும்; கூடவே ஒரு டேங்கர் ஒட்டிக் கடந்தால் முன்சக்கரம் ஒருமுறை உள்ளே இழுத்து ஒருமுறை வெளியே தள்ளும். அம்மியே பறக்கிற மாசத்தில் அண்ணன் ஹேண்டில்பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாமி பெயரைச் சொல்லியபடி போவதைப் பார்த்திருக்கிறேன். அன்று சராசரி வேகம் கூடித்தான் இருந்தது, பயத்தில்.

சமதரையில் ரோடு பைக்கை எதிர்ப்பது பெரும்பாலும் காற்றுதான். அந்தக் காற்றில் பெரும்பங்கை வாங்குவது ஓட்டுகிறவரின் உடம்பு. முழங்கையை மடக்கிக் குனிந்தால் ஒரு பைசா செலவில்லை. குனிந்தால் வயிறு தொடையில் இடிக்கிறது என்பதால் அண்ணன் காற்றை ஏமாற்றும் வடிவில் தண்ணீர் பாட்டில் வாங்கியிருக்கிறார்.

இந்த இடத்தில், ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்க ஒரு பெரியவர் பழைய ஹெர்குலிஸில் அண்ணனை முந்திக்கொண்டு போனார் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. அண்ணன் நன்றாகவே ஓட்டுவார். பழைய வண்டியிலும் ஏறக்குறைய இதே வேகத்தில் நன்றாகவே ஓட்டினார் என்பதுதான் சிக்கல். ஆளும் வண்டியும் சேர்ந்து 87 கிலோ. அதில் அரைக் கிலோ குறைத்தால் ரெண்டு மணி நேர மலையேற்றத்தில் முக்கால் நிமிஷம் மிச்சமாகும். அந்த முக்கால் நிமிஷத்தைச் சம்பாதிக்கப் போகிற காலையில், காரவள்ளி அடிவாரத்தில் வண்டியைப் பாறையில் சாய்த்து, செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி, வெயில் ரிம்மில் படுகிற கோணத்துக்குக் காத்திருந்து, போட்டோ எடுத்து முடிக்க இருபது நிமிஷம் ஆகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து திரும்பும்போது புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் பின்டயர் உட்கார்ந்துவிட்டது. அண்ணன் டயரைக் கழற்றி உள்பக்கம் கைக்குட்டையை விட்டு மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணி மாட்டியது. நகத்தால் நெம்பி எடுத்தால், தலைமுடி தடிமனில் ஒரு கம்பி. நீளம் ஒரு அரிசிகூட வராது. வெடித்துச் சிதறின லாரி டயரின் உள்ளே இருக்கிற எஃகுக் கம்பி அது. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கிழிந்து கிடக்கிற கறுப்புப் பட்டைகளிலிருந்து உதிர்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நெருஞ்சி முள்ளைக்கூடக் கண்ணால் பார்த்து ஒதுங்கலாம், இதை முடியாது. உலகம் முழுக்க நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் எமன். நாமக்கல் வட்டாரத்தில் அது உறவுக்கார எமன்.

மாற்று டியூபைப் போட்டு, எதிரில் இருந்த பஞ்சர் கடைக்கு வண்டியை உருட்டினார். கடைக்காரர் கம்ப்ரசர் குழாயை எடுத்துவந்து மூக்கைப் பார்த்தார். பென்சில் முனை மாதிரி மெல்லிசான பிரெஞ்சு மூக்கு. "இதுக்கு நம்ம நாசில் புடிக்காதுங்களே" என்றார். அதற்கென்று விரல்நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் இருக்கிறது; மாட்டினால் எந்த பெட்ரோல் பங்கிலும் காற்று பிடிக்கலாம். அண்ணனிடமும் இருக்கிறது. ஐந்து கிராம் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கைப்பம்பு? அது ரெண்டு முட்டை. அதுவும் வீட்டில்.

குட்டி யானை மினிலாரி பிடித்துத்தான் வீட்டுக்கு வந்தார். பெரியவர் திண்ணையில் இருந்தார். வண்டி இறங்குவதைப் பார்த்தார். கம்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரேடியல் கம்பி" என்றார். பிறகு உள்ளே போய்ப் பழைய நீளக் கணக்கு நோட்டை எடுத்துவந்தார். லாரிக் காலத்து நோட்டு அது. டயர் நம்பர், எந்த அச்சு, எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டரில் மாட்டியது, எப்போது சுரண்டிப் புது ரப்பர் ஒட்டி வேகவைத்தது என்று ஒவ்வொரு டயருக்கும் ஜாதகம் இருக்கும். கடைசியில் நாலைந்து பக்கம் காலி.

"இந்த டயரு எவ்வளவு ஓடும்?"

"பின்னாடி டயரு ஒரு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடுமுங்கப்பா."

"வெலை?"

அண்ணனிடம் எப்போதும் ரெண்டு விலை உண்டு. வீட்டுக்கு ஒன்று, குரூப்புக்கு ஒன்று. நோட்டைப் பார்த்ததும் நாக்கு புரண்டு குரூப் விலை வந்துவிட்டது. "ஐயாயிரமுங்க."

"கிலோமீட்டருக்கு ஒரு ரூவா." எழுதினார். "லாரி டயரே நாப்பது காசத் தாண்டாது. ரீட்ரேட் பண்ணலாமா?"

"முடியாதுங்கப்பா."

"லோடு?"

"எழுவத்தெட்டு கிலோங்க."

"வாடகை?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். பெரியவர் அந்தக் கட்டத்தில், போகையில் எம்ட்டி, வரையில் எம்ட்டி என்று எழுதி அடிக்கோடு போட்டார். நோட்டை மூடப் போனவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டா, ஸ்டெப்னி இல்லாமயா வண்டிய ரோட்டுல வுடற?"

அன்று ராத்திரியே மூன்றாவது டயருக்கு ஆர்டர் போய்விட்டது. அப்பா சொல்லிட்டாருங்க என்று குரூப்பில் போட்டிருந்தார். கீழே ராசிபுரத்துக்காரர், ஒண்ணா வாங்காதீங்கண்ணா, முன்னுக்கொண்ணு பின்னுக்கொண்ணு ரெண்டாப் போட்டுருங்க என்று எழுதியிருந்தார்.