கவர் போட்ட கார்க்காரர்

சென்னையில் கொஞ்சம் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு எதற்குப் போனாலும், தரைத்தளத்தில் தூணை ஒட்டி, உறை போர்த்திய கார் ஒன்று நிற்கும். உறை மேல் புழுதி, புழுதி மேல் பூனையின் கால்தடம். சொந்தக்காரர் யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு பைக்கை நிறுத்திப் பாருங்கள். இரண்டாம் மாடியிலிருந்து குரல் வரும்: "தம்பி, வண்டி எடுக்கணும், தள்ளி நிறுத்துங்க." அந்த வண்டி கடைசியாக எடுக்கப்பட்டபோது தம்பி அரை டிராயரில் இருந்திருப்பார்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் உண்டு. பத்மினிக்காரர் ஹேண்ட் கியரின் அருமையைச் சொல்வார். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். எண்ணிக்கையில் அதிகம் மாருதி 800காரர்கள்தான். அந்த இரண்டாம் மாடிக் குரலுக்குச் சொந்தக்காரரான நம் சாரிடம் இருப்பது 1997 மாடல்.

விற்க மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "குடுத்துடலாம்னுதான் இருக்கேன். பேப்பர்தான் சரியா இல்லை" என்பார். கேட்பவர்கள், பாவம், இந்த ஆபீஸ்காரர்கள் மனுஷனை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். எனக்கென்னவோ, அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே கூட்டாளி அந்தப் பேப்பர்தான் என்று தோன்றுகிறது.

பாருங்கள், காரை வாங்கியது வங்கிக் கடனில். கடைசித் தவணையைக் கட்டிய அன்று வடபழனி முருகனுக்கு அர்ச்சனை செய்தவர், ஆர்.சி. புக்கில் எச்.பி.யை, அதாவது வங்கிக் கடன் பதிவை, கேன்சல் செய்ய மறந்துவிட்டார். கடன் கொடுத்த பாங்க் ஆஃப் மதுராவோ 2001இல் ஐசிஐசிஐயோடு இணைந்துவிட்டது. இனி தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35இல் கையெழுத்து வாங்கினால்தான் வண்டி முழுசாக இவருடையது. "இல்லாத பாங்க்ல போய் எப்படிக் கையெழுத்து வாங்கறது?" என்று கேட்கும்போது அவர் முகத்தில் தெரியும் நிம்மதி பென்ஷன் வரும் நாளில்கூடத் தெரியாது.

அடுத்தது புதுப்பித்தல். பதிவுக்கு ஆயுள் 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். 2012லும் 2017லும் ஏஜென்ட் ஒருவர் புண்ணியத்தில் முடிந்தது. 2022 ஏப்ரலில் 600 ரூபாய்க் கட்டணம் 5,000 ஆனபோது சார் யோசிக்க ஆரம்பித்தார். யோசித்து முடிப்பதற்குள் 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 என்று அறிவிப்பு வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். இவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "பாத்தியா, கவர்மெண்டே நம்ம வண்டிக்கு ரேட்டு ஏத்திக்கிட்டே போகுது."

"ஏங்க, அது நாம கட்ட வேண்டிய காசுங்க."

"மதிப்பு இல்லாத பொருளுக்கு எவன் இவ்ளோ கேப்பான்?"

காயலான் கடைக்காரர் வந்த கதை தனி. அவர் உறையை ஓரமாகத் தூக்கினார், டயரை ஒரு எத்து எத்தினார், கிலோ கணக்கில் ஒரு விலை சொன்னார். சார் வெலவெலத்துப்போனார். அவர் கணக்கே வேறு: வாங்கிய விலை, 2009இல் மாற்றிய கிளட்ச், இரண்டு முறை பெயின்ட், சிவப்பு வெல்வெட் சீட் கவர். "சிங்கிள் ஓனர் வண்டிப்பா!" என்றார். "இரும்புக்கு ஓனர் எத்தினி பேர் இருந்தா என்னா சார்" என்றார் கடைக்காரர். பேரம் முறிகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "ஆர்.சி. புக்கையும் கையோட குடுத்துடு சார், மேல போட்டுத் தரேன்" என்றார்.

சார் முடியாது என்றுவிட்டார். இந்த ஓர் இடத்தில் அவர் கட்சி நான். காயலான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் வண்டி பாகம் பாகமாகப் பிரிந்து போய்விடும். நம் பெயரில் பதிவு மட்டும் உயிரோடு இருக்கும். அந்த நம்பரும் புத்தகமும் எந்தத் திருட்டு வண்டிக்கு வாழ்வு கொடுக்கும் என்று சொல்ல முடியாது. போலீஸ் தேடிக்கொண்டு வருவது நம் வீட்டுக்கு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவே, வண்டி இனி ஓடாது என்றானால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. சார் இந்தப் பிரிவை மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் வண்டி ஓடாது என்று அவர் ஒப்புக்கொண்டால்தானே அந்த 14 நாள் தொடங்கும்?

ஓடும் என்பதற்கு அவரிடம் ஆண்டுக்கொரு சாட்சி இருக்கிறது. ஆயுதபூஜையன்று உறை கழலும். சந்தனம், குங்குமம், பானெட்டில் மாலை, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை. ஸ்டியரிங்கில் சார். பின்னால் வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், தண்ணீர் கேன் போடுகிற பையன். "தள்ளுங்கப்பா!" எலுமிச்சை நசுங்கும். கைதட்டல். "இன்ஜின் கண்டிஷன் பாத்தியா?" என்று இறங்குவார். இன்ஜினுக்கு அதில் பங்கு எதுவும் கிடையாது.

கடைசியில் பெங்களூருவிலிருந்து வந்த மகள்தான் முடித்துவைத்தாள். வங்கிக் கையெழுத்து ஒரு வாரத்தில் வந்துவிட்டது. கூட்டாளி இப்படிக் காலை வாருவான் என்று சார் எதிர்பார்க்கவில்லை. 2021ஆம் ஆண்டு வாகன உடைப்பு விதிகளின்படி அனுமதி பெற்ற மையத்திலிருந்து லாரி வந்தது. ஸ்டெப்னி, ஜாக்கி, டேஷ்போர்டு பிள்ளையார் மூன்றையும் சார் இறக்கி வைத்துக்கொண்டார். சேஸிஸ் நம்பர் வெட்டிய துண்டை மையத்தார் 6 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதைக் கேட்டதும், "அப்ப நான் வெச்சிருந்தது மட்டும் தப்பா?" என்று மகளை ஒரு பார்வை பார்த்தார்.

வண்டிக்குப் பதிலாக ஒப்படைப்புச் சான்றிதழ் வந்தது. அதைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் சாலை வரியில் சலுகை உண்டு. தனக்கு வேண்டாமென்றால் வேறொருவருக்கு விற்றுவிடலாம். புதுக் கார் வாங்கப்போகும் மூன்றாம் மாடித் தம்பி ஆசையோடு விலை கேட்டு வந்தார். சார் பிளாஸ்டிக் ஃபைலை ஒருமுறை தடவிவிட்டுச் சொன்னார்:

"குடுத்துடலாம்னுதான் இருக்கேன். ஆனா அடிமாட்டு ரேட்டுக்குக் கேக்காதீங்க தம்பி. சிங்கிள் ஓனர் சர்டிபிகேட் இது."