காலி டிரெய்லருக்கும் கட்டணம்

கேள்வி: எங்கள் கம்பெனி மெயின்ஃப்ரேமில் ஓடும் சாஸ் (SAS) மென்பொருளுக்கு லைசென்ஸ் கட்டி மாளவில்லை. வேறிடம் மாறினால் பழைய புரோகிராம்கள் வீண்தானா?
– ஒரு வாசகர், டோல்கேட், திருவொற்றியூர்.

பதில்: வீணாகாது. மெயின்ஃப்ரேமில் பெரும்பாலும் இயந்திரத்தின் திறனுக்குத்தான் லைசென்ஸ். காலி டிரெய்லரும் டோல் கட்டுவதுபோல. சாஸ் புரோகிராம்களை ஓட்டும் மாற்று மென்பொருள்கள் உண்டு. கணினி மொழிக்கும் செயல்பாட்டுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று சாஸ் தொடர்பான ஒரு வழக்கிலேயே 2012-ல் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தை மட்டும் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். மாற்று ஏற்பாடு நமக்குப் புதிதல்ல; 1978-ல் ஐபிஎம் நாட்டைவிட்டுப் போனபோது அதன் கணினிகளை நம் அரசு நிறுவனமான சிஎம்சி பராமரித்துக் காட்டியதே! கவலை டேட்டாவில்தான். ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் வரிசைப்படுத்தினால் எழுத்து முதலில், எண் பிறகு. சாதாரண சர்வரில் நேர் எதிர். தசமத்தின் கடைசி இலக்கங்களும் நகரலாம். மாதக் கணக்கை இரண்டிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதிக்கு வெகுமுன்பே தொடங்குங்கள்; தாமதித்தால் இரண்டுக்கும் கட்டுவீர்கள்.