சித்திரையில் ஃபிளீஸ், மார்கழியில் சிங்கிள் ஜெர்சி

எங்கள் சாமளாபுரத்தில் இலையுதிர்காலம் என்று ஒன்று தனியாக வருவதில்லை. வேம்பு இலையை உதிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வேலையை மாசி, பங்குனியிலேயே முடித்துவிட்டு வெயிலுக்குத் தளிரோடு நிற்கிறது. அக்டோபரில் வெளிநாட்டுக்காரர்கள் பழுத்த இலையைப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது இங்கே ஐப்பசி மழையில் வேலியோரம்கூடப் பச்சை. அதனால் கோடை போய்விட்டதா என்று நான் மரத்தைப் பார்ப்பதில்லை. மூட்டையைத்தான் பார்ப்பேன்.

மூட்டை என்றால் கட்டிங் வேஸ்ட், அதாவது பனியன் வெட்டும்போது மிஞ்சும் துண்டுத்துணி மூட்டை. திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது தையல்காரருக்குக் கையாளாகச் சேர்ந்து, பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்து, ஓவர்லாக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் நான். இப்போது வீட்டில் ஒட்டுப்போர்வை தைக்கிறேன். இந்த ஊர் வெயிலில் போர்வையா என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்ட அத்தனை பேரும் கார்த்திகை பிறந்ததும் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், திருப்பூருக்கு இரண்டே பருவம், இரண்டும் தலைகீழ். வெளிநாட்டில் குளிருக்குக் கடையில் தொங்க வேண்டிய உடுப்பு இங்கே ஆடி, ஆவணிக்குள் கப்பல் ஏறியாக வேண்டும். ஆகவே அக்னி நட்சத்திரத்தில், ஃபேன் காற்றே கொதிக்கும் வேளையில், கட்டிங் மேஜையில் விரித்திருப்பது ஃபிளீஸ். உள்பக்கம் புசுபுசுவென்று சுரண்டிவிட்ட 280, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) துணி. வைகாசியில் வரும் மூட்டையை அவிழ்த்தால் பாதிக் கலைமான், கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடி, பல்லைக் காட்டும் பூசணிக்காய். ஐப்பசி, கார்த்திகையில் அவிழ்த்தால் எல்லாம் மெல்லிய 140, 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. தென்னைமரம், கடலலை, கறுப்புக் கண்ணாடி போட்ட அன்னாசி. வெளியே மோடம் போட்டு ஊதக்காற்று அடிக்கும். கையில் இருப்பதோ கடற்கரைக்குப் போகிறவன் துணி.

"அக்கா, நல்லாக் கனமா ஒரு போர்வை வேணுங்க்கா."

"கனத்துக்கு இப்ப எங்க போறது கண்ணு? சித்திரையில வந்திருக்கோணும்."

சித்திரையில் போர்வை கேட்டு வருகிறவளை அவள் மாமியார் என்ன நினைப்பாள் என்பதும் யோசிக்க வேண்டியதுதான். ஆக, வெயிலில் வந்த கனத்தை மழைக்காகச் சேர்த்துவைக்கும் பொறுப்பு என் தலையில். உள்ளறை முழுக்க மூட்டை. விருந்தாளி வந்தால் திண்ணையில் படுக்கிறார். மூட்டைகள் உள்ளே ஃபேனுக்கடியில்.

"இதையெல்லாம் ஓ.இ. மில்லுக்குப் போட்டா காசாவது வரும் அம்மணி" என்பார் வீட்டுக்காரர். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் மெஷின் துடைக்கப் போன துண்டு இது. இப்போது வெள்ளை தனி, கலர் தனி, கலப்பு தனி என்று பிரித்து, கிலோ விலை பேசி, அரைத்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் மறுபடியும் நூலாக்குகிறார்கள். வெள்ளைக்கு மவுசு அதிகம். வடக்கே பானிப்பட் வரைக்கும் போகும் சரக்கு. அந்த ஆலைகளோடு நான் போட்டி போட்டு வாங்க வேண்டியிருக்கிறது, ஒரு குடத்தோடு போய் டேங்கர் லாரியிடம் தண்ணீர்ப் பங்கு கேட்பதைப் போல. அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்ட 2025 ஆகஸ்டுக்குப் பிறகு எனக்கு வந்த மூட்டைகூட இளைத்துப் போயிருந்தது. பொருளாதாரம் பேச வேண்டுமானால் டிவிக்காரர்கள் என் உள்ளறைக்கு வரலாம். உட்கார இடம் இருக்காது.

பனியன் துணியில் ஒட்டுப்போர்வை தைப்பது பாவப்பட்ட வேலை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சிங்கிள் ஜெர்சியின் வெட்டிய ஓரமோ தானாகவே சுருண்டுகொள்ளும். நீவி நீவித்தான் ஊசி போட வேண்டும். பின்பக்கத்துக்குக் காடா, வெளுக்காத தறித்துணி. அது அசைந்துகொடுக்காத சாதி, ஆனால் முதல் தண்ணீரில் சுருங்கும். அலசிக் கஞ்சி போக்காமல் தைத்தால், போர்வை முதல் துவைப்பில் முறுக்கு மாதிரி ஆகிவிடும். நடுவில் பழைய சேலை, மேலே ஓட்டுத்தையல்.

இந்தக் காடா எங்கள் வீட்டு விசைத்தறியிலேயே ஓடுகிறதே என்று ஊரில் கேட்பார்கள். ஓடுகிறது. என் வீட்டுக்காரர் தறிதான் ஓட்டுகிறார். ஆனால் பாவும் நூலும் கொடுப்பது ஜவுளி உற்பத்தியாளர். நெய்த துணி அவருக்கு, மீட்டர் கூலி எங்களுக்கு. காது செவிடாகும்படி இரவும் பகலும் காடா ஓடும் வீட்டில், போர்வைக்கு நான் கடையில் காசு கொடுத்து டேமேஜ் காடா வாங்குகிறேன். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகளெல்லாம் ஒரு மாதத்துக்கும் மேல் நின்றபோதுதான் வீட்டுக்காரர் முதல்முறையாகப் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். பிடித்தபடியே கேட்டார்: "இதுக்குக் கூலி எவ்வளவு?"

ஆடிக் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, மிச்சத்தோடு என் மொட்டைமாடிக்கு வரும். நிறம் பார்த்து அடுக்கிய துண்டுகளை ஒருமுறை அள்ளிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் ஒரு வாரம் கிறிஸ்துமஸ்.

மிச்சத் துணியில் போர்வை தைப்பது நான் மட்டுமல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைத்துணிகளைச் சேர்த்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். சியர்ஸ் என்ற பெரிய கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தபோது மிஞ்சிய கார்டுராய் வேஸ்டும் அந்தப் போர்வைகளில் ஏறியது. ஆக, அவர்களும் கட்டிங் வேஸ்ட் கட்சிதான்! அந்தப் போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள். 2006இல் அமெரிக்கத் தபால்தலையாகவே வந்துவிட்டன. இதை வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "நம்முளுதும் மாட்டியிருக்குதே" என்றார். நான் கலைமான் தலைகளாகவே பொறுக்கிச் சேர்த்துத் தைத்த போர்வையை, வாங்கிப்போன புண்ணியவான் மழைக்குத் தோட்டத்து மோட்டார் மேல் போர்த்தியிருக்கிறாராம். மோட்டாருக்கு இதுவரை சளி பிடிக்கவில்லை.

பக்கத்து மாநிலத்திலும் இந்தக் கைவேலை உண்டு. கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வைக்கு நான்கு மூலையிலும் மடித்த துணிப்பூ வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அழகான வழக்கம். நானும் வைத்துப் பார்த்தேன். "மூலையில துணி மிச்சம் நிக்குது, வெட்டி உட்டுருங்க" என்றார் வாங்க வந்தவர்.

கனத்த போர்வைகளைத் தைத்து முடிக்க எனக்கு வாய்ப்பதே புரட்டாசிதான். அதிலும் பாதியில் தீபாவளி புகுந்துவிடும். போனஸ் பேச்சு வந்ததுமே தெருவில் பாதிப் பேர் ஜாக்கெட் துணியோடு வந்துவிடுவார்கள். "நீங்க பவர் டேபிள் டெய்லருங்க, அஞ்சு நிமிசம்" என்று ஒரு பாராட்டு. அந்தப் பாராட்டுதான் கூலி. தீபாவளி முடிந்து நிமிர்ந்தால் அடைமழை. அலசிய காடா காயாது. காய்ந்து தைத்து முடிக்கும்போது தை பிறந்திருக்கும்; "வெயில் வந்துருச்சே, அடுத்த வருசம் பார்க்கலாங்க" என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

ஆகவே இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேஸ்ட் கொடுப்பதானால் பருத்தியாகக் கொடுங்கள். பாலியஸ்டர் போர்த்தினால் ராத்திரி முழுக்க வேர்க்கும். தேர்தலுக்குக் கொடுத்த கட்சி பனியன் மட்டும் வேண்டாம். எந்தக் கட்சியையும் எந்தக் கட்சியோடும் ஒட்டிவிடலாம், துணி அதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளும். போர்த்திப் படுப்பவர்கள்தான் சண்டை போடுகிறார்கள். கனமான போர்வை வேண்டுமென்றால் சித்திரையிலேயே சொல்லிவிடுங்கள். முன்பணத்தோடு.